பல்தா கட்சி, அகுவகாத்தே கட்சி

வெயிலில் வெடித்த உதட்டில் அன்னாசிப்பழச் சாறு பட்டால் முதலில் ஓர் இனிப்பு, உடனே ஓர் ஊசி, அப்புறம் காது மடல் வரைக்கும் ஏறுகிற ஒரு சூடு. என் எதிரிக்கும் அது வரக்கூடாது என்று எழுதினால் நாகரிகமாக இருக்கும். ஆனால் வாசகர்களிடம் பொய் சொல்வானேன், என் எதிரிகளில் இரண்டு மூன்று பேருக்கு அது கட்டாயம் வரவேண்டும் என்றுதான் நினைக்கிறேன். மரக்காணத்து உப்பளக் காற்றில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வருஷத்தில் பாதி நாள் உதடு வெடித்தேதான் இருக்கும்; காற்றிலேயே உப்பு; நாக்கால் தடவினால் இன்னும் எரியும், தடவாமலும் இருக்க முடியாது. அதனால்தானோ என்னவோ எனக்கும் பழங்களுக்கும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. இளமைக் காலத்தை நினைத்தால் மாம்பழ வாசனை வருகிறது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்குச் சண்டை வாசனைதான் வருகிறது.

அப்படிப்பட்ட எனக்குப் பழங்களின் பெயர் ஸ்பானிஷில் தெரியும் என்றால் ஆபீசில் யாரும் நம்புவதில்லை. ஸ்பானிஷ் தெரியுமா என்று கேட்டால் தெரியாது. அந்த மொழியில் எனக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாது, வழி கேட்கத் தெரியாது, மன்னிப்புக் கேட்கத் தெரியாது. இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தமிழிலும் அவ்வளவாக வராது. ஆனால் அன்னாசியை அர்ஜென்டினாக்காரி எப்படிச் சொல்லுவாள், ஸ்பெயின்காரி எப்படிச் சொல்லுவாள், வெனிசுலாக்காரன் வாழைப்பழத்துக்கு என்ன பெயர் வைத்து எல்லோர் உயிரையும் எடுப்பான் என்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். ஒரே மொழியை வைத்துக்கொண்டு இத்தனை நாட்டுக்காரர்கள் ஒரு பப்பாளிக்கு ஒத்துப்போய் ஒரு பெயர் வைக்க முடியாமல் கிடக்கிற கதையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எங்கள் வீட்டு நடுச்சுவர் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பெரியப்பா குடும்பம். அண்ணன் தம்பி இருவரும் வீட்டைப் பிரித்துக்கொண்டபோது எழுப்பின சுவர் அது. செங்கல் தீர்ந்துபோனதால் கூரையைத் தொடாமல் ஓர் ஆள் உயரத்தோடு நின்றுவிட்டது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பகை ஒன்றும் இல்லை. இருவரும் சேர்ந்துதான் லாரியில் உப்பு மூட்டை ஏற்றினார்கள், சேர்ந்துதான் டீ குடித்தார்கள். பேச்சு இல்லாமல் போனது என் அம்மாவுக்கும் அவள் ஓரகத்தியான என் பெரியம்மாவுக்கும்தான்.

காரணம் நான். என் ஞானஸ்நான விருந்தில் பந்தியில் உட்கார்ந்த பெரியம்மா, ஒரு வாய் பிரியாணியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பங்குச்சாமியார் காதில் விழுகிற தூரத்தில், "உப்பு போதலையே" என்று சொல்லிவிட்டாள். வேறு ஊரில் இது ஒரு பேச்சா? இலையோரத்தில் ஒரு சிட்டிகை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் நாள் முழுக்க உப்பில் நின்று, உப்பைத் தலையில் சுமந்து, உப்பு பூத்த புடவையோடு வீடு திரும்புகிறவளின் சோற்றில் உப்பு இல்லை என்று உப்பளத்து ஜனம் முழுக்க உட்கார்ந்திருக்கிற பந்தியில் சொன்னால் அதற்கு மன்னிப்பு ஏது? அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள், பேச்சையும் கூடவே வைத்தாள். ஆக எனக்கும் அந்தப் பகைக்கும் ஒரே வயது. எங்கள் இருவரில் நல்லபடியாக வளர்ந்தது யார் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் பகையைத்தான் கைகாட்டுவார்கள்.

பேச்சு இல்லை என்றால் பேசமாட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு "சாடை" என்று ஒரு வழி இருக்கிறது. சொல்லவேண்டிய ஆளைத் தவிர மற்ற எதைப் பார்த்தும் பேசலாம். அம்மா காக்காயைப் பார்த்து, "தே காக்கா, ஊரான் ஊட்டுச் சோத்துல உப்பு பார்க்கிறதே உனக்குப் பொழப்பாப் போச்சா?" என்பாள். அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மாவின் ஆட்டுக்குப் பதில் வரும்: "ஏ ஆடே, சமைக்கத் தெரியாதவ ஊட்டுப் பக்கம் போவாத, வயிறு கெட்டுப்பூடும்." அந்தக் காக்காயும் ஆடும் எங்கள் ஊரில் வாங்கின திட்டுக்கு இன்னொரு பிறவி இருந்தால் கட்டாயம் வேறு மாவட்டத்தில்தான் பிறந்திருக்கும்.

இருவருக்கும் ஒரே உப்பளத்தில் வேலை. விடிவதற்கு முன்னே போய்ப் பாத்தியில் இறங்கி, ஆண்கள் வாரி வைக்கிற உப்பைக் கூடையில் அள்ளி, வரப்பு மேல் நடந்துபோய் அம்பாரத்தில் கொட்டவேண்டும். மேலே வெயில், கீழே உப்பில் பட்டுத் திரும்பி வருகிற இன்னொரு வெயில். குதிகால் வெடித்து, வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கும். கோயிலில் எரிந்து மிஞ்சின மெழுகுவர்த்தித் துண்டுகளை வாங்கி வந்து, தேங்காய் எண்ணெயில் உருக்கி, ராத்திரி அந்த வெடிப்புகளில் சூடாக ஊற்றிக்கொள்வாள் அம்மா. ஊற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "இன்னாடா வேடிக்கை? போய்ப் படி" என்பாள். அந்த மெழுகுத் துண்டுக்கும் போட்டிதான்; ஞாயிறு பூசை முடிந்ததும் யார் முதலில் பீடத்துப் பக்கம் ஓடுவது என்று அம்மாவும் பெரியம்மாவும் முட்டிக்கொள்வார்கள். மாதாவுக்கு முன்னால் ஏற்றிவைத்த திரி அணைவதற்கு முன்னாலேயே இரண்டு கை நீண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பு முடித்த கோடையில்தான் ரமோன் வந்தான். வெனிசுலா என்கிற நாட்டுக்காரன்; ஆரோவில் பக்கத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, எங்கள் ஊருக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் சவுக்குக் கழி நட்டு, கீற்று வேய்ந்து ஒரு பழக்கடை போட்டான். பழம் வெட்டி வைக்க, சாறு பிழிய, வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க ஒரு பெண் வேண்டும், மாதச் சம்பளம், உட்கார ஸ்டூல், தலைக்கு மேலே ஃபேன் என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறான். வருகிற வெளிநாட்டுக்காரர்களில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் ஜாஸ்தி, பழத்தின் பெயர் நாலு தெரிந்தால் நல்லது என்று பேச்சுவாக்கில் சேர்த்தும் சொல்லியிருக்கிறான். டீக்கடைக்காரர் அதை "ஸ்பானிஷ் தெரிஞ்சவளுக்குத்தான் வேலையாம்" என்று ஊருக்கு அறிவித்துவிட்டார். அன்று சாயங்காலம் அப்பா வந்து சேதி சொன்னபோது அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நெழல்லையா வேலை?"

"நெழல்லதான். ஃபேனும் இருக்குது."

அம்மா தன் காலைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் டங்கென்று கீழே வைக்கப்பட்டது. பெரியம்மாவும் கேட்டுவிட்டாள் என்று புரிந்தது.

அம்மாவுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. நோரா என்று ஓர் அர்ஜென்டினாக்காரி, ஒரு பழைய டி.வி.எஸ். வண்டியில் அரை நிஜாரோடு உப்பளத்துக்கு வந்து, வரப்பில் உட்கார்ந்து பாத்திகளைப் படம் வரைந்துகொண்டிருப்பாள். அவளுக்குக் கலர் கலக்கத் தண்ணீர் மொண்டு கொடுப்பவன் நான். பதவியின் பெயர் எனக்குள்ளே "உதவி ஓவியர்". விஷயத்தைச் சொன்னதும் படம் வரைகிற தாளிலேயே பழங்களை வரைந்து பெயர் சொன்னாள். அன்னாசிக்கு அனனா. வெண்ணெய்ப் பழம் என்கிறார்களே, எங்கள் ஊரில் அப்போது "பட்டர் ஃப்ரூட்டு", அதற்குப் பல்தா. வாழைக்குப் பனானா. பப்பாளிக்கு அவள் பிறந்த வடக்குப் பக்கத்தில் மமோன். தர்பூசணிக்குச் சந்தீயா.

பெரியம்மாவுக்கு அதைவிடப் பெரிய இடத்துப் பழக்கம். சாயங்காலங்களில் கன்னியர் மடத்தில் பெருக்குகிற வேலையும் அவளுக்கு இருந்தது. அங்கே ஸ்பெயின் தேசத்து வயதான மதர் ஒருவர் இருந்தார். மதர் சொன்னபடி அன்னாசி என்றால் பீன்யா. பட்டர் ஃப்ரூட்டு அகுவகாத்தே. வாழை ப்ளாத்தனோ. பப்பாளி வெறும் பப்பாயா.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமம் என்பதால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜெபமாலை முடிந்தபிறகு மாதா மன்றாட்டுப் பாடுவோமே, ஒருவர் சொல்ல மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முடிப்போமே, அந்த ராகத்தில் நான் "அன்னாசியே" என்று இழுப்பேன், அம்மா "அனனா" என்று முடிப்பாள். "பப்பாளியே" என்றால் "மமோன்". அப்பா கட்டிலில் புரண்டு படுத்து, "டேய், மாதா கோவிச்சுக்கும்டா" என்றார். மாதாவுக்கும் குதிகால் வெடித்திருந்தால் கோவிக்கமாட்டாள் என்று அம்மா சொன்னாள். இரண்டாம் நாள் சுவருக்கு அந்தப் பக்கமும் அதே ராகம் கிளம்பிற்று. அங்கே இழுப்பவள் என் பெரியப்பா மகள் ஸ்டெல்லா. பாட்டில் பரிசு வாங்குகிறவள். என் குரல் அப்போது உடைந்துகொண்டிருந்ததால் நான் இழுத்தால் பக்கத்து வீட்டு மாடு எழுந்து நிற்கும். நாங்கள் "அனனா" என்றால் அவர்கள் அதற்கு மேல் ஒரு ஸ்தாயி ஏற்றி "பீன்யா". நாங்கள் "பல்தா", அவர்கள் "அகுவகாத்தே". சந்தீயா வரும்போது மட்டும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒன்றாய்ச் சொல்லிவிட்டு, திடுக்கிட்டு, உடனே இரண்டு பக்கமும் நிறுத்திவிடுவார்கள். எதிரியோடு ஒத்துப்போவதுபோல ஓர் அவமானம் உண்டா?

"அன்னாசி, அனனா. காதுல கேக்குதா காக்கா? நம்ம பேரும் அவங்க பேரும் ஒண்ணா இருக்குது. அதான் ஒரிஜினல்," என்பாள் அம்மா.

"ஏ ஆடே, மதர் ஜெபம் பண்ற வாயால சொன்னது பொய்யி, அரை நிஜாரு போட்டவ சொன்னது நெஜமா? நல்லாருக்குதே கதை!"

இதற்கு ஒரு முடிவு கட்டவேண்டும் என்று நான் முடிவு செய்தேன். நான் முடிவு செய்கிற காரியங்களுக்கு என்ன முடிவு வரும் என்று என் வீட்டில் இப்போது எல்லோருக்கும் தெரியும். அப்போது எனக்கே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலைப் பார்க்கவேண்டும் என்று நோரா சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பூசை முடிந்து மதர் வெளியே வருகிற நேரத்துக்கு அவளை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கையில் ஓர் அன்னாசி. கோழிச்சண்டை விடுகிறவன்போல இருவருக்கும் நடுவில் அதைத் தூக்கிப் பிடித்தேன். ஒருத்தி "அனனா" என்பாள், மற்றவர் "பீன்யா" என்பார், முடியைப் பிடித்துக்கொள்வார்கள், மதருக்கு முடி முக்காட்டுக்குள் இருப்பதால் நோராவுக்குத்தான் நஷ்டம் என்றுவரை கணக்குப் போட்டிருந்தேன்.

நோரா சொன்னாள். மதர் சொன்னார். அப்புறம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். மதர் நோராவின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். எத்தனை மாதமாய் இந்த மொழியைக் கேட்காமல் காது வறண்டு கிடந்ததோ, வாசல் படியிலேயே உட்கார்ந்து, என் அன்னாசியையும் பிடுங்கிக்கொண்டு, பேசிக்கொண்டே இருந்தார்கள். எவ்வளவு மட்டமான எதிரிகள்! நான் அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து கொண்டுவந்து விட்டதற்கு ஓர் அறைகூட விழவில்லை. வீட்டில் வந்து சொன்னபோது இரண்டு கட்சியும் அதைத் தங்கள் வெற்றியாக எழுதிக்கொண்டன. "மதர் அவளைப் பார்த்துச் சிரிச்சிருக்காங்க," என்று அந்தப் பக்கம் பெரியம்மாவிடமிருந்து ஆட்டுக்குச் சேதி போயிற்று. "பீன்யான்ற பேரைக் கேட்டா யாருக்குத்தான் சிரிப்பு வராது," என்று இந்தப் பக்கம் அம்மாவிடமிருந்து காக்காய்க்குச் சேதி வந்தது.

ரமோன் வரச்சொன்ன நாள் வந்தது. பெண் பார்க்கப் போவதுபோல இரண்டு வீடும் கிளம்பிற்று. அம்மா ஈஸ்டருக்கு எடுத்த புடவை. பெரியம்மா கிறிஸ்துமஸுக்கு எடுத்த புடவை. சாலையின் இந்த ஓரத்தில் அம்மாவும் நானும், அந்த ஓரத்தில் பெரியம்மாவும் ஸ்டெல்லாவும், நடுவில் பாண்டிச்சேரி பஸ். முந்தின ராத்திரி ஊற்றின மெழுகு பெயர்ந்துவிடக்கூடாது என்று அம்மா குதிகாலை ஊன்றாமல் விரல்களாலேயே நடந்தாள். போகிற வழியெல்லாம் அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே வந்தது. ஜெபமா பழமா என்று நான் கேட்கவில்லை.

கடையில் இன்னும் பாதிக் கூரைதான். ஆனால் பெஞ்சுக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே போய் நின்றதும் அம்மாவின் முந்தானை கொஞ்சம் அசைந்தது. அவள் கண்ணை மூடித் திறந்தாள். ரமோன் ஆறடிக்கு வளர்ந்த ஆள், தாடி, எங்கள் ஊர் வெயிலில் இறால்போலச் சிவந்திருந்தான். பெஞ்சில் பழங்களை வரிசையாக வைத்திருந்தான். இரண்டு பெண்களையும் பார்த்துவிட்டு ஓர் அன்னாசியைத் தூக்கி, அவனுக்குத் தெரிந்த தமிழில், "இது பேர்?" என்றான்.

"அனனா!" என்றாள் அம்மா.

"பீன்யா!" என்றாள் பெரியம்மா.

ரமோன் முகம் மலர்ந்து பெரியம்மா பக்கம் தலையாட்டினான். "பீன்யா, பீன்யா. ரொம்ப நல்லா."

அடுத்து பட்டர் ஃப்ரூட்டு. "பல்தா," "அகுவகாத்தே." மறுபடியும் பெரியம்மாவுக்கே தலையாட்டல். வாழைப்பழத்துக்கு அம்மா "பனானா", பெரியம்மா "ப்ளாத்தனோ". அவன் சிரித்துக்கொண்டே தன் ஊரில் அது "கம்பூர்" என்றான். பப்பாளிக்கு அம்மா "மமோன்" என்றதும் விழித்தான். அவன் ஊரில் அது வேறேதோ சின்னப் பச்சைப் பழமாம். பெரியம்மாவின் பப்பாயாவும் அவனுக்கு இல்லை, "லெச்சோசா" என்றான். எப்படிக் கூட்டினாலும் பெரியம்மாதான் முன்னால் இருந்தாள். ஸ்டெல்லா என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. புடவைக் கரையை மெல்ல இறக்கிவிட்டுக் காலை மூடிக்கொண்டாள். நாளை விடிவதற்கு முன்னே அந்தக் கால் மறுபடியும் பாத்தியில் இறங்கவேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசியாகத் தர்பூசணி. எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் விளைந்து, கோடையில் சாலையோரமெல்லாம் மலைபோலக் குவிகிற பழம். ரமோன் இரண்டு கையாலும் அதைத் தூக்கினான்.

"சந்தீயா!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ரமோன் தலையை இடவலமாக ஆட்டினான். "இல்ல, இல்ல. பத்தீயா."

பெரியம்மா அப்போது சும்மா இருந்திருந்தால் போதும். "பத்தீயாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை அவளுக்கு, ஃபேன் அவளுக்கு, ஸ்டூல் அவளுக்கு. அவள் பார்வை ஒரு கணம் கீழே, அம்மாவின் புடவைக் கரைக்குப் போய்விட்டு வந்தது. நான் பார்த்தேன். ஆனால் அதற்கு நான் எந்த அர்த்தமும் சொல்லப்போவதில்லை, பெரியம்மாவைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதினால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. அவள் தர்பூசணியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"ஏ பழமே, இன்னா சொல்றான் இந்த ஆளு? மதரு சந்தீயான்றாங்க. அந்த அரை நிஜாருப் பொண்ணும் சந்தீயான்னுதான் சொல்லுது. ரெண்டு தேசத்துக்காரங்க சொல்றது தப்பு, இவன் சொல்றது சரியா?"

நோராவைச் சாட்சிக்கு இழுத்தது பெரியம்மா! அம்மா நிமிர்ந்தாள். அவளும் தர்பூசணியைத்தான் பார்த்தாள்.

"அப்படிக் கேளு பழமே. எங்க கொல்லையில வெளைஞ்சது நீ. எங்க ஊட்டுப் பழத்துக்கு எங்கியோ இருந்து வந்தவன் பேரு வைப்பானா? இந்தக் கடையில உன்னை வாங்கி வைக்கணும்னா சந்தீயான்னு சொல்லச் சொல்லு. இல்லாட்டி வேணாம்!"

"வேணாம்னு சொல்லு!"

"ஊருல ஒரு பழம் குடுக்க மாட்டாங்கன்னு சொல்லு!"

ரமோனுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் தன் கையிலிருக்கிற பழத்தைப் பார்த்து இரண்டு பெண்கள் விரலை நீட்டி இந்தச் சத்தம் போட்டால் அந்தப் பழத்தை யாரால் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய்ச் சவுக்குக் கழியில் முதுகு இடித்து நின்றான். சாலையில் போன வண்டிகள் நின்று பார்த்தன. ஒரு கார்க்காரர் இறங்கி வந்து, "தர்பூசணி கட் பண்ணித் தருவீங்களா?" என்று கேட்டார். பின்னாலேயே இன்னொருவர் வந்தார். கடை திறக்கவே இல்லை, அதற்குள் வியாபாரம். ரமோன் பெண்களைப் பார்த்தான், நின்ற வண்டிகளைப் பார்த்தான், பழத்தைப் பெஞ்சில் வைத்தான்.

"சரி, சரி, சந்தீயா," என்றான். "நாளைக்கு ரெண்டு பேர் வாங்க. ரெண்டு பேர்."

அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள், கட்டிக்கொண்டார்கள் என்று எதிர்பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடலாம். திரும்பி வரும்போதும் இந்த ஓரத்தில் நாங்கள், அந்த ஓரத்தில் அவர்கள், நடுவில் பாண்டிச்சேரி பஸ்.

அதன்பிறகு அந்தக் கடை இருந்தவரை அவர்கள் ஒரே பெஞ்சில், ஒரே ஃபேனின் கீழ், ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தார்கள். காக்காயும் ஆடும் ஓய்வு பெற்றன. பழங்கள் வேலையை ஏற்றுக்கொண்டன. "ஏ அனனா, கத்தியை எங்க வச்சே?" என்று அம்மா அன்னாசியைக் கேட்பாள். பெரியம்மா கத்தியை எடுத்து அந்த அன்னாசிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இந்தா பீன்யா, கண்ணு இருந்தா தெரியும்" என்பாள். வருகிற வெளிநாட்டுக்காரர்களை ஊரைக் கேட்டுப் பிரித்துக்கொண்டார்கள். அர்ஜென்டினா, சிலி, பெரு என்றால் பல்தா கட்சி, அம்மா பக்கம். ஸ்பெயின், மெக்சிகோ, கொலம்பியா என்றால் அகுவகாத்தே கட்சி, பெரியம்மா பக்கம். ஒருமுறை போர்ட்டோ ரிக்கோ என்ற தீவிலிருந்து வந்தவன் ஆரஞ்சைச் "சீனா" என்றான். இரண்டு பேரும் அவனை உடனே ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள். மெக்சிகோக்காரி ஒருத்தி சப்போட்டாவைத் தங்கள் ஊரில் "சாப்போத்தே" என்பதாகச் சொன்னபோது மட்டும் அம்மாவுக்கு ஒரே கோபம். அம்மாவின் வாதப்படி நம் பெயரோடு ஒத்துப்போவதுதான் ஒரிஜினல். ஆனால் இந்த ஒரிஜினல் எதிரிக் கட்சியிலிருந்து வந்திருக்கிறது. அன்று முழுக்க அவள் சப்போட்டாவைப் பெயர் சொல்லாமல் "அது" என்றே விற்றாள்.

அம்மாவின் குதிகால் அந்த மழைக்காலத்துக்குள் ஆறிவிட்டது. வாய் ஆறவில்லை. என்னை அவர்கள் இருவரும் சேர்ந்து காலேஜில் படிக்கவைத்தார்கள் என்று எழுதினால் பெரியம்மாவுக்குப் பங்கு போய்விடும் என்பதால், அம்மா மட்டும்தான் படிக்கவைத்தாள் என்று இங்கே பதிவு செய்கிறேன். பெரியம்மா ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு பப்பாளியிடம், "படிக்கிற புள்ளைக்குச் செருப்பு பிஞ்சு கெடக்குது, பெத்தவளுக்குக் கண்ணு தெரியல" என்று சொல்லுவாள். மறுநாள் எங்கள் பக்கத்துச் சுவர்மேல் ஒரு ஜோடி செருப்பு இருக்கும். அதை யார் வைத்தது என்று யாரும் விசாரித்ததில்லை.

இப்போது அந்தக் கடை இல்லை. ரமோன் ஊருக்குப் போய்விட்டான், சாலையை அகலப்படுத்தினார்கள், சவுக்குக் கழி நின்ற இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு காப்பிக்கடை இருக்கிறது. உள்ளே குளிர், வெளியே பழம் கிடையாது. மதர் எப்போதோ மறைந்தார். நோராவின் டி.வி.எஸ். சத்தத்தை நான் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது. அப்பாவும் பெரியப்பாவும் காலமாகி, ஸ்டெல்லாவும் கல்யாணமாகிப் போனபிறகு அந்தப் பக்கத்து வீட்டில் பெரியம்மா தனியாக இருந்தாள். போன தவக்காலத்தில் ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை என்று அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். ஓடிப்போய்க் கதவைத் தட்டினாளாம். அத்தனை வருஷத்தில் அந்தக் கதவை அவள் தட்டினது அதுதான் முதல் தடவை.

பெரியம்மாவின் முப்பதாம் நாள் சாப்பாட்டை நான்தான் சமைப்பேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். பிரியாணி. பந்தியில் ஒவ்வோர் இலைக்கும் போய், "உப்பு?" என்று கேட்டாள். "சரியா இருக்குதுக்கா," என்றார்கள். "சூப்பரா இருக்குதுமா," என்றேன் நான். கேட்கக் கேட்க அம்மாவின் முகம் கடுகடுத்துக்கொண்டே போனது. கடைசியில் கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். அன்றிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. சென்னைக்கு என்னோடு கூட்டிவந்தேன். கேட்டதற்குப் பதில், கேட்காவிட்டால் மௌனம். காக்காய் ஜன்னலில் வந்து உட்கார்ந்தாலும் அதற்கு ஒரு திட்டு இல்லை. டாக்டர் எல்லாம் நார்மல் என்றார். அது நார்மல் இல்லை என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

போன வாரம் எங்கள் தெருமுனையில் இருக்கிற பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். பழங்களைக் குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் போட்டதுபோல வலைத் துணியில் சுற்றி அடுக்கியிருந்தார்கள். ஒரு பட்டர் ஃப்ரூட்டு. அம்மா அதைப் பார்த்தாள். கையில் எடுத்தாள். திருப்பி வைத்துவிட்டாள்.

நான் சொன்னேன்: "அகுவகாத்தே."

அம்மாவின் கழுத்து மெல்லத் திரும்பியது.

"இன்னாடா சொன்னே?"

"அகுவகாத்தே. அதானே அது பேரு? பல்தான்னா யாருக்குத் தெரியும்?"

"யாருக்குத் தெரியுமா? அர்ஜென்டினாவுக்குத் தெரியும், சிலிக்குத் தெரியும். டேய், எந்த ஊட்டுச் சோறு தின்னு வளர்ந்தவன்டா நீ?"

"உங்க சோத்துலதான் உப்பு போதாதே."

பழம் அடுக்கிக்கொண்டிருந்த பெண் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அப்புறம் அம்மா என்னை விட்டுவிட்டு, அந்தப் பழத்தை மறுபடியும் எடுத்து, வலைத் துணியை உரித்து எறிந்துவிட்டு, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"பார்த்தியா பல்தா, செத்துப் போயும் அவ இவன் வாயில வந்து உக்காந்துக்கிட்டா பாரு! வா, ஊட்டுக்கு வா. இன்னிக்கு வச்சுக்கிறேன் உன்னை."

பில் போடுகிற இடம் வரைக்கும் அவள் குரல் இறங்கவில்லை. வாசலில் இருந்த காவலாளி ஏதாவது பிரச்சினையா என்று என்னைக் கேட்டார். ஒன்றும் இல்லை, குடும்ப விஷயம் என்றேன். ஆட்டோவில் ஏறினபிறகும் அம்மா மடியில் அந்தப் பழத்தை வைத்துக்கொண்டு அதனோடு சண்டை போட்டபடியே வந்தாள். நான் நடுநடுவே, ஸ்டெல்லாவின் ராகத்தில், முடிந்தவரை குரலை ஏற்றி, பெரியம்மாவுக்காகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.